யார் உள்ளே, யார் வெளியே? ஈழத்து மாற்றுப் பண்பாட்டு வட்டங்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுவோரின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருபவர்களில் பலர் முதலில் கைவைப்பது தங்களுக்குத் தெரிந்த எழுத்தாளர், நாடகக்காரர், சிற்றிதழ்க்காரர் பற்றித்தான். கட்டுரையை எழுதி முடிப்பதில் பெரிய சிக்கல் வருவதில்லை. கடைசியில் ஒரு பகுப்பையோ (கட்டுரைகளை வகைப்படுத்த அடியில் இடும் தலைப்பு), 'இவ்வட்டத்தைச் சேர்ந்தோர்' என்று ஒரு பட்டியலையோ போடும்போதுதான் சண்டை தொடங்கும். பயிற்சிப் பட்டறைகளிலும், கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது விக்கிப்பீடியாவின் கொள்கைப் பக்கம் அல்ல, தொகுப்பாளர் ஒருவரின் கருத்து.

மாற்றுப் பண்பாடு என்பது அமெரிக்கச் சமாச்சாரம் அல்லவா? யாழ்ப்பாணத்தில் ஏது?

அந்தச் சொல் 1969இல் தியோடர் ரோசாக் எழுதிய நூலுக்குப் பிறகு பரவியது உண்மைதான். நீண்ட தலைமுடி, ரொக் இசை, வியட்நாம் போர் எதிர்ப்பு எல்லாம் அவர்களுடையவை. ஆனால் தான் பிறந்த சமூகத்தின் ஒழுங்குக்கு எதிராக எழுதி, பேசி, வாழ்ந்து பார்த்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். சாதி, கோயில், பண்டிதத் தமிழ், அரச உத்தியோகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய ஊர் இது. அதை எதிர்ப்பதற்குக் கிற்றார் தேவைப்படவில்லை.

டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனில் முடி வெட்டிக்கொண்டே எழுதியவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, இதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போய் விற்றார். சாதியின் பெயரால் இகழப்பட்ட தொழிலைச் செய்தவர் இலக்கிய இதழின் ஆசிரியராக இருந்ததே அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒரு எதிர்ப்புத்தான். 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டம் வேறு. பேச்சுவழக்கை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கிய பண்டிதர் தரப்பும், அதிலேயே எழுதுவோம் என்ற எழுத்தாளர் தரப்பும் மோதிக்கொண்டன. 1963இல் யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய விழாவில் கூழ்முட்டை பறக்கும் அளவுக்கு அது சூடாக இருந்தது. பிறகு எழுத்தாளர்கள் மு. தளையசிங்கம், எஸ். பொன்னுத்துரை (எஸ்.பொ.), 1975 முதல் 1990 வரை வந்த 'அலை' சிற்றிதழ் என்று கதை நீள்கிறது.

சரி, ஒருவர் ஒரு வட்டத்தைச் சேர்ந்தவரா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது?

நாங்கள் முடிவு செய்வதில்லை. இது பணிவுக்காகச் சொல்வதும் அல்ல. சிற்றிதழ் வட்டத்துக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. சந்தா கட்டியவர் எல்லாம் உறுப்பினர் என்றால் ஊரில் பாதி வாசிகசாலைகள் உள்ளே வந்துவிடும். 'அவருடைய கவிதையை வாசித்தாலே தெரியும், அவர் அந்த ஆட்களில் ஒருவர்' என்று ஒரு தொகுப்பாளர் எழுதினால் அது சொந்த ஆய்வு, அதாவது அச்சான சான்று இல்லாத அவருடைய சொந்த முடிவு. கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை.

ஆகவே பேச்சுப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி 'அவர் உண்மையிலேயே சேர்ந்தவரா?' என்பதல்ல. யார் அப்படிச் சொன்னார், எப்போது, எங்கே அச்சாகியிருக்கிறது, சொன்னவருக்கு அதில் என்ன பங்கு? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் வாக்கியத்தை எழுதிவிடலாம். இல்லாவிட்டால் எழுத வேண்டியதில்லை.

ஒருவரே 'நான் அந்தக் கூட்டத்தில் இல்லை' என்று மறுத்தால்?

இது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க்கின் முக்கியமான கவிதை நூலை 1956இல் பதிப்பித்து, அதற்காக 1957இல் வழக்கையும் சந்தித்தவர் லோரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி. 1950களில் அமெரிக்காவில் எழுந்த கலக எழுத்தாளர் கூட்டமான பீட் தலைமுறையைப் பற்றிய எந்த நூலும் அவர் இல்லாமல் முடியாது. அவரோ தன்னைப் பீட் கவிஞர் என்று அழைப்பதைத் தொடர்ந்து மறுத்தே வந்தார். அமெரிக்க நாவலாசிரியர் கென் கீசி, தான் பீட்னிக் (பீட் கூட்டத்தவர்) ஆவதற்கு வயது போதாமலும் ஹிப்பி ஆவதற்கு வயது கூடிப்போயும் இருந்ததாகச் சொன்னவர்.

இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வாக்கியம் எழுதுங்கள். விமர்சகர்கள் இன்ன வட்டத்தில் வைக்கிறார்கள் என்று ஒன்று, அவர் அதை மறுத்தார் என்று இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியே மேற்கோள். மறுப்பை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காதீர்கள், பெயரை வெட்டியும் விடாதீர்கள். ஆள் உயிருடன் இருந்தால் தராசு அவர் பக்கம் சாய வேண்டும்: மத நம்பிக்கை, பாலியல் நாட்டம் போன்றவற்றில் அவர் தானே வெளிப்படையாகச் சொல்லாத அடையாளத்தைப் பகுப்பாகப் போடக்கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப்பட்ட விதி. தமிழிலும் அதைப் பின்பற்றுவதே நல்லது என்பது என் நிலைப்பாடு.

எங்களுடைய இலக்கிய வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு அணியில் இருந்தவர்கள்தானே. அவர்களை எப்படிச் சான்றாகக் கொள்வது?

இந்தப் பக்கத்தில் மிகவும் பெறுமதியான கேள்வி இதுதான், மிகவும் கஷ்டமானதும் இதுதான்.

இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தொடங்கியது. ஈழத்து நவீன இலக்கியத்தின் வரைபடத்தைக் கீறிய இரு பெரும் விமர்சகர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அந்த அணியோடு நின்றவர்கள். கைலாசபதி 'தினகரன்' ஆசிரியராக இருந்தவர், 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவரானவர். பத்திரிகையும் பல்கலைக்கழகமும் கையில் இருக்கும்போது யாருடைய பெயர் பாடத்திட்டத்துக்குப் போகும், யாருடையது போகாது என்பதில் செல்வாக்கு இல்லாமல் இராது. மஹாகவி என்ற கவிஞர் உருத்திரமூர்த்தியை அந்தத் தரப்பு கண்டுகொள்ளவில்லை என்ற குறை இன்றைக்கும் பேசப்படுகிறது.

மறுபக்கத்தில் எஸ். பொன்னுத்துரை. முதலில் முற்போக்கு அணியில் இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் முறித்துக்கொண்டு 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்தார். தளையசிங்கம் 1956க்குப் பிந்திய ஏழாண்டு இலக்கியத்தை மதிப்பிட்டு எழுதியது அந்தக் காலத்துக்கு மிக முக்கியமான சான்று. ஆனால் அவரும் முற்போக்கு விமர்சனத்தோடு நேரடியாக மோதியவர்தான். மெய்யுள் என்று தனக்கென ஒரு இலக்கிய வழியே வகுத்தவர். 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்து பொலிசாரிடம் அடிபட்டவர், 1973இல் இறந்துபோனவர். இப்படிப்பட்டவர் எழுதிய விமர்சனத்தில் பக்கச்சார்பு இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவைத்தால் எங்களுக்கு எஞ்சுவது ஆண்டுக் கணக்கும் பக்க எண்ணிக்கையும் மட்டும்தான்.

எனவே அணிக்காரர் எழுதியதைத் தாராளமாக எடுங்கள். பெயர் சொல்லி எடுங்கள். 'எஸ்.பொ. நற்போக்கு இலக்கியத்தின் தலைவர்' என்று விக்கிப்பீடியாவின் குரலில் எழுதாமல், 'முற்போக்கு அணியிலிருந்து விலகிய பின் எஸ்.பொ. தன் நிலைப்பாட்டை நற்போக்கு என்று அழைத்தார்' என்று எழுதினால் இரு தரப்புக்கும் வாய் அடைத்துவிடும். காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் ஐந்து வருடம் ஒரு சங்கத்தில் இருந்துவிட்டு நாற்பது வருடம் அதைத் திட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு எந்தப் பகுப்பு என்று கேட்பதே வீண்.

'நடுநிலையான மூன்றாம் தரப்பு' என்று தமிழ்நாட்டிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த நூலைக் காட்டுபவர்களும் உண்டு. தூரம் கூடினால் நடுநிலை கூடும் என்றில்லை. எஸ்.பொ.வே பிற்காலத்தில் சென்னையில் பதிப்பகம் நடத்தியவர்!

பகுப்பு போடலாமா, பட்டியல் போடலாமா?

பகுப்புக்கு வாய் கிடையாது. அதில் மேற்கோள் காட்ட முடியாது, 'சிலர் கருதுவர்' என்று சேர்க்க முடியாது, ஆண்டு குறிக்க முடியாது. பெயர் உள்ளே இருக்கும், அல்லது இராது. ஆகவே யாரும் மறுக்காத விஷயத்துக்கு மட்டும் பகுப்பு: 'ஈழத்துச் சிற்றிதழ் ஆசிரியர்கள்' என்றால் சரி, இதழின் முன்பக்கத்தில் பெயர் அச்சாகியிருக்கிறது. 'கலகக்காரர்கள்' என்றொரு பகுப்பு வேண்டாம்.

பட்டியல் பரவாயில்லை, பெயருக்குப் பெயர் மேற்கோள் இருந்தால். சர்ச்சை உள்ள எதையும் கட்டுரையின் உடலிலேயே எழுதிவிடுங்கள், அங்கேதான் இடம் தாராளம்.

ஒரு இதழில் ஒரு கவிதை வந்திருக்கிறது. ஒரு சந்திப்பில் பேசியிருக்கிறார். போதாதா?

போதாது. 'மல்லிகை' அட்டையில் படம் வந்தவர்களை மட்டும் எண்ணினாலே அதில் எல்லாக் கட்சியும் எல்லாத் துறையும் இருக்கும். இலக்கியச் சந்திப்பு 1988இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்தவர்களால் தொடங்கப்பட்டு, 2013இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. அதற்குப் போனவர்களில் பாதிப்பேர் மற்றப் பாதியோடு சண்டை பிடிக்கவே போனார்கள் என்றாலும் நான் நம்புவேன். கலந்துகொண்டார் என்று எழுதுங்கள், அந்த வட்டத்தவர் என்று எழுதாதீர்கள்.

தாக்கமும் அப்படித்தான். கின்ஸ்பேர்க் 1962, 63 காலத்தில் இந்தியாவில் இருந்தபோது கல்கத்தாவின் 'பசித்த தலைமுறை'க் கவிஞர்களோடு பழகினார். அதனால் அவர்களைப் பீட் கிளை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய அறிக்கை 1961இலேயே வந்துவிட்டது.

யோகர் சுவாமியின் வெளிநாட்டுச் சீடர்களை ஹிப்பிகள் பட்டியலில் சேர்க்கலாமா?

யாழ்ப்பாணத்துச் சைவ ஞானி யோகர் சுவாமியை வைத்து அடிக்கடி வரும் ஆசை இது. வெள்ளைக்காரர், வேட்டி, தாடி, சுவாமி இருந்த கொழும்புத்துறை என்று படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டைப் பாருங்கள். யோகர் சுவாமி சமாதியடைந்தது 1964 மார்ச். ஹிப்பி என்ற பெயர் அமெரிக்கப் பத்திரிகைகளில் பரவியது 1965க்குப் பிறகு. இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் சந்தசுவாமியாக மாறியதும், ஜெர்மன் சுவாமி என்று ஊர் அழைத்த கௌரிபாலா சீடரானதும் அதற்கெல்லாம் முன்பு. கௌரிபாலா 1984 வரை வாழ்ந்தவர். பிற்காலத்தில் அவரைத் தேடி வந்த இளைஞர்கள் ஹிப்பிகளாக இருந்திருந்தாலும், வந்தவர்களின் பட்டம் இருந்தவருக்கு ஒட்டாது.

ஒரு மரபுக்குள் சீடராகச் சேர்ந்தவரை மரபு எதிர்ப்பாளர் என்பதிலும் ஒரு முரண் இருக்கிறது. பெற்றோரின் இங்கிலாந்துக்கு அது கலகம், நல்லூருக்கு அது சைவம். இரண்டையும் சான்றோடு எழுத முடிந்தால் நல்ல கட்டுரையாகும். பட்டம் சூட்டுவதில் அவசரப்படுபவர்களுக்கு அந்தப் பரம்பரையின் மகாவாக்கியம் ஒன்றே போதும்: நாம் அறியோம்.

பொப் பாடகர்கள்?

உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் கலியாண வீட்டில் எல்லாரும் கைதட்டிப் பாடுகிற பாட்டை மாற்றுப் பண்பாடு என்று சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும். 'இலங்கைப் பொப் இசை' என்ற தலைப்பே போதும்.

கே. டானியலைத் தலித் எழுத்தாளர் என்று போடலாமா?

அவரைத் தமிழ்த் தலித் இலக்கியத்தின் முன்னோடி என்று சொல்லும் விமர்சகர்கள் பலர், எனவே அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் 'பஞ்சமர்' நாவல் வந்தது 1972இல், டானியல் மறைந்தது 1986இல், தலித் என்ற அடையாளம் தமிழ் இலக்கியத்தில் ஓர் அலையாக எழுந்தது 1990களில். தன் காலத்தில் அவர் நின்றது இடதுசாரிக் கட்சியிலும் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்திலும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஆலய நுழைவுக்காக நடந்தது அந்த இயக்கத்தின் போராட்டம்தான். முதல் பந்தியில் அவர் வாழ்ந்தபோது இருந்த அடையாளத்தை எழுதி, பின்னால் 'வரவேற்பு' என்ற பிரிவில் பிற்காலத்தவர் எப்படி வாசித்தார்கள் என்று எழுதுங்கள். வரிசை மாறினால் அர்த்தமும் மாறிவிடும்.

உயிரோடு இருக்கும் ஒருவரின் சாதியை, அவர் தன் எழுத்தில் வெளிப்படுத்தாதபோது, எந்த வட்டத்துக்குச் சான்றாகவும் காட்டாதீர்கள். 'ஊருக்கே தெரியும்' என்பது மேற்கோள் ஆகாது.

புனைபெயரில் எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியும். எழுதட்டுமா?

அச்சில் அவரே வெளிப்படுத்தியிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். 1980களிலும் 90களிலும் இங்கே புனைபெயர் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டது அல்ல. இராணுவம் ஒரு பக்கம், ஆயுதம் தாங்கிய இயக்கங்கள் மறுபக்கம் இருந்த காலத்தில், றோனியோவில் (கைப்பிரதி இயந்திரத்தில்) அடித்த நாலு பக்கத் தாளின் கீழே இருந்த பெயர் ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அவர் இன்றைக்கு ஒரு பாடசாலையில் ஓய்வுபெற்ற அதிபராக இருக்கலாம், வெளிநாட்டில் அகதி வழக்கு முடியாமல் இருக்கலாம். முப்பது வருடம் கழித்து நாங்கள் ஒரு சொடுக்கில் எல்லாவற்றையும் இணைத்துவிடுவது நியாயமில்லை. ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் எழுதிய இதழ்களும் உண்டு, ஆகவே உங்கள் ஊகம் பிழையாகவும் இருக்கக்கூடும்.

நினைவு மலரை மேற்கோளாகக் காட்டலாமா?

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குள் ஒரு மலர் அச்சாகிவிடும். தேவாரம், வம்சவரலாறு, நண்பர்களின் அஞ்சலி, கடைசியில் நன்றி நவிலல். அதில் பிறந்த திகதி, ஊர், படித்த பாடசாலை, வெளியிட்ட நூல்கள் ஆகியவற்றை நம்பி எடுக்கலாம். வேறெங்கும் கிடைக்காத தகவல் சில வேளை அங்கேதான் இருக்கும். நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்படியான மலர்கள் நிறைய ஏறியிருக்கின்றன.

'ஈழத்தின் முதல் புதுக்கவிஞர்', 'கலகக் குரலின் முன்னோடி' போன்ற வரிகளை மட்டும் எடுக்காதீர்கள். அஞ்சலியில் யாரும் இரண்டாவதாக வந்ததில்லை.

1981க்குப் பிறகு சான்றுக்கு எங்கே போவது? எல்லாம் எரிந்துபோயிற்றே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 அளவிலான நூல்கள் போயின. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சனம் கையில் எடுத்தது பிள்ளைகளையும் உடுப்பையும்தான், பழைய சிற்றிதழ்க் கட்டுகளை அல்ல. ஆகவே 'மேற்கோள் இல்லை, நீக்குக' என்ற வார்ப்புருவை (ஆயத்த அறிவிப்புப் பெட்டியை) எங்கள் கட்டுரைகளில் ஒட்டுபவர் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

அதற்காக விதியைத் தூக்கி எறியவும் முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் பல்லாயிரம் ஈழத்து இதழ்களும் நூல்களும் வருடி (ஸ்கேன் செய்து) போடப்பட்டுள்ளன. முதலில் அங்கே தேடுங்கள், பிறகு இல்லை என்று சொல்லுங்கள். இதழின் முன்னட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஆசிரியர் குழு, தொடர்பு முகவரி, அச்சகம் எல்லாம் அங்கே இருக்கும், அது யார் யாரோடு நின்றார் என்பதற்கு எந்தப் பேட்டியையும் விட உறுதியான சான்று. வாய்மொழியை நேரடியாக மேற்கோளாக்கும் பரிசோதனை ஒன்று 2011இல் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் விக்கிமீடியா ஆதரவோடு நடந்தது, பொது விதியாக வரவில்லை. மூத்தவர் ஒருவரிடம் கதைத்துப் பதிவு செய்தால், அதை முதலில் ஒரு இதழிலோ ஆவணகத்திலோ வெளியிடச் செய்யுங்கள். பிறகு அது மேற்கோள்.

பட்டியலில் பெண்களே இல்லையே?

ஆசிரியர் குழுவை வைத்துப் பட்டியல் போட்டால் அப்படித்தான் வரும். நான் இப்போதுதான் அதை உறுதியான சான்று என்று எழுதினேன், அதன் குறையும் இதுதான். இதழின் உட்பக்கத்தில் ஆண்களின் பெயர்களே இருந்தன. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட, பெண்களின் கவிதைகள் அடங்கிய 'சொல்லாத சேதிகள்' தொகுப்பைத் திறந்து பாருங்கள். வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் வேறு பட்டியல் வருகிறது. யாரைச் சேர்ப்பது என்று அடிபடுவதற்கு முன், எந்த ஆவணத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பேச்சுப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

என்னுடைய அப்பாவை நானே சேர்க்கலாமா?

'தம்பி, எங்கட ஐயாவும் அந்தக் காலத்தில அவையோடதான் நிண்டவர், பேரை ஒருக்காப் போட்டுவிடுங்கோ' என்று தொலைபேசி வரும். கோபிக்க ஒன்றுமில்லை, அது பிள்ளையின் பாசம். ஆனால் நலமுரண் இருக்கிறது, சொந்த உறவைப் பற்றி நடுநிலையாக எழுதுவது கடினம். நீங்கள் நேரடியாகத் தொகுக்காமல், இதழின் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் பேச்சுப் பக்கத்தில் இட்டு, உறவையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் பழைய இதழ் இருந்தால் நூலகம் திட்டத்துக்கு வருடக் கொடுங்கள். ஒரு பெயரைச் சேர்ப்பதைவிட அந்த இதழ் வெளியே வருவது பத்துக் கட்டுரைக்கு உதவும்.

நான் சேர்த்த பெயரை ஒருவர் திரும்பத் திரும்ப நீக்குகிறார். என்ன செய்ய?

மூன்றாம் தடவை திருப்பிப் போடாதீர்கள், அது தொகுத்தல் போர். பக்க வரலாற்றில் அவர் எழுதிய காரணத்தை வாசியுங்கள். காரணமே இல்லாவிட்டால் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் ஆலமரத்தடியில், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில், போடுங்கள். ஆள் யார், எந்த அணி, எந்த நாட்டில் இருக்கிறார் என்று ஆராயப் போகாதீர்கள். அநேகமான வேளைகளில் 'சேர்ந்தவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இன்ன இதழில் எழுதினார்' என்று மாற்றினாலே நீக்கியவரும் பேசாமல் போய்விடுவார்.